சைலன்சர் சத்தம் பின்னால் போகிறது, ஆபத்து முன்னால் வருகிறது: புது பைக் ஓட்டிகளுக்கு

பைக் வாங்கிய புதிதில் கேட்காமலேயே கிடைக்கும் அறிவுரைகளில் முதலாவது, "சைலன்சரை மாற்று, சத்தம் வந்தால்தான் கார்காரன் ஒதுங்குவான்" என்பது. அடுத்தது, "நல்ல ஹாரனாகப் பார்த்துப் போடு". ஹாரன் விஷயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. சைலன்சர் விஷயத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மேலே போகலாம். பணம் செலவழிப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் யோசிப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

முதலில் சத்தத்தின் கணக்கு

நிற்கும் வண்டியின் சைலன்சர் சத்தத்தை அளக்கும்போது, புகை வெளிவரும் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மைக் வைப்பார்கள். அங்கே 95 டெசிபல் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிக்கிற அளவுக்கு அது பெரிய சத்தம்தான். ஆனால் திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறையும். அரை மீட்டர் ஒரு மீட்டராகி, பிறகு 2, 4, 8, 16 மீட்டர் ஆவதற்குள் ஐந்து முறை இரட்டித்துவிடுகிறது. 30 டெசிபல் போயிற்று, மிச்சம் 65. கண்ணாடி ஏற்றிய கார் அதிலும் ஒரு 20 டெசிபலைச் சுலபமாக விழுங்கிவிடும். ஆக 16 மீட்டர் தள்ளி காருக்குள் இருப்பவர் காதுக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 45. ஓடுகிற காருக்குள் டயர் சத்தமும் காற்றும் ஏசியும் சேர்ந்தே 65 டெசிபல் அளவுக்கு இருக்கும். பாட்டும் ஓடினால் சொல்லவே வேண்டாம்.

இவ்வளவும் சைலன்சரின் வாய் பார்த்திருக்கும் பின்பக்கத்துக் கணக்கு. உங்களுக்கு முன்னால் இருப்பவருக்கு வண்டியின் உடலும் உங்கள் உடலும் தாண்டி இன்னும் குறைவாகத்தான் போகும்.

அப்படியானால் ஆபத்து எந்தப் பக்கம் இருந்து வருகிறது? இதைப் பற்றி நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. விபத்துகளில் ஏறக்குறைய முக்கால்வாசி இன்னொரு வாகனத்துடன் மோதியவை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கில், பைக்குக்கு விட வேண்டிய வழியை விடாமல் குறுக்கே வந்தவர் அந்த மற்ற வண்டிக்காரர். பெரும்பாலான ஆபத்துகள் முன்பக்கத்தில், கைக்கடிகாரத்தில் 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுவே உள்ள குறுகிய வீச்சிலிருந்து வந்தவை. அதிகம் நடந்த இடம் சாலைச் சந்திப்பு. பல வருடங்கள் கழித்து ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை எடுத்து ஆராய்ந்த மெய்ட்ஸ் ஆய்வும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது: மற்ற ஓட்டுநர்கள் செய்த தவறுகளில் முதலிடம், பைக்கைக் கவனிக்காமல் விட்டதற்கு.

ஆக, நம் சத்தம் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது, ஆபத்து முன்னால் இருந்து வருகிறது. சத்தமான சைலன்சர், ஏற்கெனவே நாம் தாண்டிவந்துவிட்டவர்களுக்குத்தான் நம் வரவை அறிவிக்கிறது.

சத்தத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூடிய காருக்குள் வெளிச்சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தறிவது கடினம். அதிலும் சைலன்சரின் அடித்தொண்டை உறுமல் கார்த் தகட்டைத் தாண்டி உள்ளே வந்தாலும், எங்கிருந்து வருகிறது என்று சொல்லாது. "ஏதோ பைக் வருகிறது" என்று தெரிந்த ஓட்டுநர் எந்தப் பக்கம் ஒதுங்குவார்? சில நேரம் உங்கள் பக்கமே ஒதுங்குவார்.

நியாயமாகச் சொன்னால், சத்தம் உதவும் இடமும் உண்டு. கண்ணாடி இறக்கிய வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும்போதும், முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறவர்களுக்குப் பின்னால் வரும்போதும் எஞ்சின் சத்தம் அவர்கள் காதில் விழும். மின்சார பைக் ஓட்டுகிறவர்கள் இந்த இடங்களில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியதும் அதனால்தான். ஆனால் அந்த அளவுக்குக் கம்பெனி சைலன்சரின் சத்தமே போதும்.

நம்ப முடியவில்லை என்றால் நீங்களே சோதித்துப் பாருங்கள்

ஆள் நடமாட்டம் இல்லாத அகலமான இடமும், ஒரு காரும், பைக் ஓட்டத் தெரிந்த நண்பரும் வேண்டும்.

1. காருக்குள் உட்காருங்கள். கண்ணாடியை ஏற்றி, ஏசியை நடுத்தர வேகத்தில் வைத்து, வழக்கமாகக் கேட்கும் அளவில் பாட்டை ஓடவிடுங்கள். எஞ்சின் ஓடட்டும், வண்டி நிற்கட்டும்.
2. தலையைக் குனிந்துகொள்ளுங்கள், கண்ணாடியைப் பார்க்க வேண்டாம். நண்பர் பின்னாலிருந்து நிதான வேகத்தில் வந்து, போதிய இடைவெளி விட்டு, பக்கவாட்டில் தாண்டிப் போகட்டும். சத்தம் கேட்ட நொடியில் கை தூக்குங்கள். பைக் அப்போது எங்கே இருக்கிறது என்று வெளியே நிற்கும் மூன்றாவது ஆள் குறித்துக்கொள்ளட்டும்.
3. அடுத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து வரச் சொல்லுங்கள்.
4. கடைசியாக, 20 மீட்டர் தள்ளி நின்று ஹாரன் அடிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வந்த திசையைக் கையால் காட்டுங்கள்.

கார் நிற்கும்போதே நிலைமை இது. டயர் சத்தமும் காற்றும் சேர்ந்தால் இன்னும் மோசமாகும். மூன்றாவது சுற்றில் பலருக்கும் பைக் பக்கத்தில் வந்த பிறகுதான் கை உயரும். நான்காவதில் ஹாரன் கேட்கும், திசைதான் குழப்பும். இந்த ஒரு மணி நேரம் கற்றுத்தருவதை எந்தக் கட்டுரையும் கற்றுத்தராது, இது உட்பட.

கார்காரர் ஏன் பார்ப்பதில்லை

"பார்த்துத்தான் திரும்பினேன், பைக் எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை" என்று விபத்துக்குப் பிறகு சொல்கிறவர் பெரும்பாலும் பொய் சொல்லவில்லை. அவர் கண் உங்கள் திசையில் திரும்பியிருக்கும், மூளையில் நீங்கள் பதிந்திருக்க மாட்டீர்கள். இதற்கு நாலைந்து காரணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால் என்ன செய்வது என்பது தானாகவே விளங்கிவிடும்.

இடம் வலம் பார்க்கும்போது கண் சீராக நகர்வதில்லை, தாவித் தாவி நிற்கிறது. தாவும் அந்தக் கணத்தில் மூளை பார்வையை அடக்கிவைக்கிறது. ஒரு பெரிய லாரி அந்த இடைவெளியில் மறையாது. ஒரு பைக் மறையலாம்.

அடுத்தது, காரின் முன்கண்ணாடிக்கு இருபக்கமும் நிற்கும் தூண். ஓட்டுநர் பார்வையில் ஒரு பைக்கை முழுதாக மறைக்க அது போதும். அவரும் நகர்ந்து நீங்களும் நகர்ந்து, இருவரும் ஒரே சந்திப்பை நோக்கி வரும்போது, சில வேகங்களில் நீங்கள் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே தொடர்ந்து இருக்க முடியும். மோதப் போகிற இரண்டு பொருள்களுக்கு இடையே கோணம் மாறாது என்பது வடிவியல். அதனால்தான் இந்த மறைவு சரியாக ஆகாத நேரத்தில் நடக்கிறது.

மூன்றாவது, நேராக நம்மை நோக்கி வரும் பொருள் பக்கவாட்டில் நகர்வதில்லை, மெல்லப் பெரிதாக மட்டும் ஆகிறது. பைக் போன்ற ஒல்லியான பொருள் கடைசி ஓரிரு நொடியில்தான் சட்டென்று பெரிதாகித் தெரியும். அதோடு, சிறிய பொருள் வந்துசேர அதிக நேரம் ஆகும் என்று மூளை தப்புக்கணக்கு போடுகிறது. உங்களைப் பார்த்த பிறகும் "இன்னும் தூரத்தில்தான் இருக்கிறான்" என்று ஒருவர் குறுக்கே திரும்புவது இதனால்.

இதில் எதையும் சைலன்சர் தீர்க்காது. வெளிச்சம், நிறம், நீங்கள் ஓட்டும் இடம், இந்த மூன்றும்தான் தீர்க்கும். மூன்றிலும் இடமே பெரியது என்பது என் கட்சி.

வெளிச்சமும் உடையும்

பகலிலும் ஹெட்லைட் எரியட்டும், லோ பீமில். ஹை பீம் வேண்டாம். எதிரே வருபவர் கண்ணைக் கூசவைத்தால் உங்கள் தூரமும் வேகமும் அவருக்குத் தெரியாமல் போகும், பக்கத்திலேயே இருக்கும் இண்டிகேட்டரும் அந்த ஒளியில் கரைந்துவிடும். சாதாரண பல்புக்கான கூட்டில் கடையில் கிடைக்கும் எல்.ஈ.டி. பல்பைத் திணிப்பதிலும் இதே தொல்லைதான். வெளிச்சம் கூடும், ஒழுங்கான எல்லை போய்க் கண்டபடி சிதறும். கூடுதல் வெளிச்சம் வேண்டுமென்றால் ஹெட்லைட்டிலிருந்து தள்ளி, கீழே இருபக்கமும் இரண்டு சிறு விளக்குகள் வைக்கலாம். மூன்றும் சேர்ந்து முக்கோணமாகத் தெரியும். ஒற்றைப் புள்ளியாகத் தெரிவதைவிட முக்கோணம் நெருங்க நெருங்க விரிவது கண்ணுக்கு எளிதாகப் பிடிபடும். இவற்றுக்கு உங்கள் ஊர்ச் சட்டம் இடம் தருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டு ஓட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று சொல்ல அப்புறம் உங்களிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது.

உடைக்கு வருவோம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வு ஒன்று, விபத்தில் அடிபட்ட பைக் ஓட்டிகளையும் அதே சாலைகளில் ஓட்டிய மற்றவர்களையும் ஒப்பிட்டது. ஒளிரும் அல்லது ஒளி பிரதிபலிக்கும் உடை அணிந்தவர்களுக்கு விபத்தில் காயப்படும் வாய்ப்பு 37 சதவீதம் குறைவாக இருந்தது. கருப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. பகலில் ஹெட்லைட் போட்டவர்களுக்கு 27 சதவீதம் குறைவு. அப்படி உடுத்துகிறவர்கள் இயல்பிலேயே நிதானக்காரர்களாகவும் இருக்கலாம் என்று வாதாட இடமிருக்கிறது. இருந்தாலும் அடுத்த ஹெல்மெட் வாங்கும்போது கருப்பை விட்டுவிட்டு வெள்ளையை எடுக்கக் கூடுதல் செலவு ஒன்றுமில்லையே.

ஒளிரும் மஞ்சளும் பளபளக்கும் சாம்பல் பட்டையும் ஒரே வேலை செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். மஞ்சள் ஒளிர்வது சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிரால். பகலிலும், முக்கியமாக மேகமூட்டத்திலும் மாலை மங்கலிலும் அது பிரமாதமாகத் தெரியும், இரவில் வெறும் வெளிர்த்துணி. சாம்பல் பட்டை நேர்மாறு. பகலில் ஒன்றுமில்லை, இரவில் ஹெட்லைட் பட்டால் விழுந்த ஒளியை வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும்.

இதைச் சோதிக்க ஒரு வழி: ஜாக்கெட்டை இருட்டறையில் நாற்காலியில் மாட்டிவிட்டு முடிந்தவரை தள்ளி நின்றுகொள்ளுங்கள். கைபேசி டார்ச்சை இடுப்பளவில் பிடித்து அடித்துப் பாருங்கள், பட்டை மங்கலாக இருக்கும். இப்போது டார்ச்சை அப்படியே கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டை ஒட்டிப் பிடியுங்கள். பட்டை சட்டென்று வெள்ளையாக எரியும். ஒளி டார்ச்சை நோக்கியே திரும்புகிறது, கண்ணும் அங்கேயே இருப்பதால் தெரிகிறது. பட்டை எரியாத இடமெல்லாம் தேய்ந்துபோன இடம், அந்த ஜாக்கெட்டுக்கு வயதாகிவிட்டது. அப்படியே உங்கள் முதுகுப்பையையும் மாட்டிப் பாருங்கள். முதுகில் இருக்கும் பட்டை முழுதும் பைக்குள் மறைந்திருக்கும். பட்டை பையின் மேல்தான் இருக்க வேண்டும்.

எந்த இடத்தில் ஓட்டுகிறீர்கள்

காருக்குத் தன் தடத்துக்குள் ஒரே இடம்தான். பைக்குக்கு மூன்று: இடது, நடு, வலது. புதிதாக ஓட்டுகிறவர்கள் ஏதோ ஒன்றில் ஒட்டிக்கொண்டு அப்படியே போவார்கள். அப்படிப் போகாமல், "இப்போது என்னைப் பார்க்க வேண்டியவர் யார், அவருக்கு நான் எங்கே இருந்தால் தெரிவேன்" என்று கேட்டுக்கொண்டே இடம் மாறுங்கள். முன்னால் உயரமான வேன் போகிறது, எதிரே ஒருவர் குறுக்கே திரும்பக் காத்திருக்கிறார் என்றால், வேனின் நிழலில் ஒண்டிக்கொண்டு போவதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். வேன் தாண்டியதும் வழி காலி என்று அவர் திரும்புவார். வேகத்தைக் குறைத்து இடைவெளி விட்டு, அவர் கண்ணுக்கு வேனுக்குப் பின்னால் தனியாகத் தெரியும்படி ஒரு பக்கம் வாருங்கள்.

லாரிக்குப் பின்னால் போகும்போது அதன் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால், ஓட்டுநருக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். கார் என்றால் ஒரு படி மேலே போய், கண்ணாடியில் அவர் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். பின்கதவுக்குப் பக்கத்தில் இணையாக ஓட்டிக்கொண்டே போவது வேண்டாம். தாண்டுவதென்றால் தாண்டிவிடுங்கள், இல்லையென்றால் பின்தங்குங்கள்.

சந்திப்பை நெருங்கும்போது இந்த வரிசையில் செய்யுங்கள். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு விரல்களை பிரேக் லீவர் மேல் வையுங்கள். குறுக்கே வரக்கூடிய வண்டியின் முன்சக்கரத்தைப் பாருங்கள், ஓட்டுநர் முகத்தை நம்பாதீர்கள். கண்ணோடு கண் பார்த்துவிட்டு அப்படியே உங்கள் மேல் திரும்புகிறவர் உண்டு, ஆனால் சக்கரம் சுற்றாமல் எந்த வண்டியும் வராது. பிறகு, பின்னால் யாரும் ஒட்டி வரவில்லை, சாலையில் மணலோ எண்ணெயோ இல்லை என்றால், உங்கள் தடத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மென்மையாக நகருங்கள். நேராக வரும் ஹெட்லைட் கண்ணில் படாது, பின்னணிக்கு எதிராகப் பக்கவாட்டில் நகரும் ஹெட்லைட் படும். தூணுக்குப் பின்னால் மாட்டியிருந்தாலும் வெளியே வந்துவிடுவீர்கள். பாம்பு போல வளைய வேண்டாம், ஒரே ஒரு நகர்வு போதும்.

நின்றிருக்கும்போதும் வேலை முடிந்துவிடவில்லை. சிகப்பு விளக்கில் கடைசி ஆளாக நிற்கிறீர்கள் என்றால் முதல் கியரிலேயே இருங்கள். முன்னால் உள்ள வண்டிக்கு நேர்பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக, ஒதுங்க இடம் வைத்து நில்லுங்கள். பின்னால் ஒரு வண்டி வந்து நிற்கும்வரை கண்ணாடியைப் பார்த்தபடி பிரேக் லீவரை லேசாக அழுத்தி அழுத்தி விடுங்கள், விளக்கு மினுக்கும். ஓடும்போதும் இது பொருந்தும். பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டு, எஞ்சின் பிரேக்கில் வேகம் குறைத்தால் பிரேக் விளக்கு எரியாது, பின்னால் வருபவருக்குத் தெரியவும் தெரியாது.

ஹாரன்: எப்போது, எப்படி

மேலே போட்ட கணக்கையே ஹாரனுக்கும் போடலாம். 2 மீட்டரில் 105 டெசிபல் தரும் ஹாரன் 16 மீட்டரில் 87 இருக்கும், மூடிய காருக்குள் 65-க்குப் பக்கத்தில் போய்ச் சேரும். முன்னால் பார்த்திருப்பதாலும், காது நன்றாகப் பிடிக்கும் உயர்ந்த சுருதியும் அதில் இருப்பதாலும், சைலன்சரைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் கேட்டவர் திடுக்கிட்டு, யார் எங்கே என்று தேடி, முடிவெடுத்து, கையையோ காலையோ அசைக்க ஒன்று, ஒன்றரை நொடி ஆகிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் அதற்குள் நீங்கள் 25 மீட்டர் போய்விடுவீர்கள். ஹர்ட் அறிக்கையின்படி, ஒரு வழக்கமான விபத்தில் தப்பிக்க ஓட்டிக்குக் கிடைக்கும் மொத்த நேரமே 2 நொடிக்கும் சற்றுக் குறைவு.

அதனால் ஹாரன் என்பது முன்கூட்டி அடிக்க வேண்டிய சாமான். வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து ஒருவர் பின்னோக்கி எடுக்கத் தொடங்குகிறார், பக்கத்துத் தடத்து வண்டி இண்டிகேட்டர் போடாமல் உங்கள் பக்கம் சாய ஆரம்பிக்கிறது, எதிரே தெரியாத குறுகலான வளைவு, கைபேசியைப் பார்த்தபடி சாலையில் இறங்கப் போகும் ஒருவர். இவைதான் அதற்கான இடங்கள். சின்னதாக இரண்டு தட்டு, அதற்குள் உங்கள் வேகமும் குறைந்திருக்க வேண்டும். ஹாரன் அடித்துவிட்டோம், ஒதுங்கிவிடுவார் என்று அதே வேகத்தில் போவதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

கார் ஏற்கெனவே குறுக்கே வந்துவிட்டது என்றால் பிரேக்தான். கட்டைவிரல் தானாகப் போனால் போகட்டும், அதற்காக ஒரு கணம்கூடச் செலவிட வேண்டாம். மாடு, நாய், குதிரை அருகே ஹாரன் அடிக்கவே வேண்டாம். பயந்த விலங்கு எந்தப் பக்கம் பாயும் என்று அதற்கே தெரியாது. சிக்னலில் முன்னால் நிற்பவர் மேல் ஆத்திரத்தைக் காட்டவும் அது கருவி இல்லை. 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமே, விபத்தைத் தவிர்க்கவும், ஊருக்கு வெளியே முந்தப் போவதை முன்னால் போகிறவருக்குத் தெரிவிக்கவும் மட்டும்தான் ஹாரன் என்றும், தேவைக்கு மேல் நீட்டக் கூடாது என்றும் சொல்கிறது. இரவில் ஒரு முறை ஹெட்லைட்டை மின்னவிடுவது பல இடங்களில் ஹாரனைவிட நன்றாக வேலை செய்யும். ஒளிக்குத் திசை உண்டு.

பெரும்பாலான பைக்குகளில் ஹாரன் பட்டன் இடது கட்டைவிரலுக்கு, இண்டிகேட்டர் சுவிட்சுக்கு மேலேயோ கீழேயோ இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, கீழே பார்க்காமல், சாவி போட்ட வண்டியில் உட்கார்ந்தபடி இண்டிகேட்டர், ஹாரன், ஹாரன், இண்டிகேட்டர் என்று மாற்றி மாற்றி அழுத்திப் பழகுங்கள். அவசரத்தில் இண்டிகேட்டரைத் தட்டிவிட்டு "ஹாரன் அடிக்கவில்லையே" என்று திகைப்பது புதியவர்களுக்கு வழக்கம்தான். அக்கம்பக்கத்தார் தூங்கும் நேரத்தில் இந்தப் பயிற்சி வேண்டாம்.

ஹாரன் சத்தம் குறைந்துவிட்டால்

புது ஹாரன் வாங்குவதற்கு முன் இருப்பதைப் பாருங்கள். முதலில் ஹாரனின் இரண்டு முனைகளையும் கழற்றி, பச்சை பூத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பேட்டரி சோர்ந்திருக்கிறதா பாருங்கள். ஹாரன் வேறெந்தப் பாகத்தையும் தொடக் கூடாது, தொட்டால் அதிர்வு அடங்கி இருமுவது போல ஒலிக்கும். தகட்டு ஹாரன் என்றால் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கும், பெரும்பாலும் மேலே மெழுகோ பெயிண்டோ வைத்து அடைத்திருப்பார்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஹாரனைத் தட்டித் தட்டிக் கேட்டபடி அந்தத் திருகை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். ஒரு பக்கம் போனால் கரகரக்கும், இன்னொரு பக்கம் போனால் தொண்டை அடைக்கும், நடுவே ஓரிடத்தில் சுத்தமாகத் திறந்து ஒலிக்கும். அங்கே நிறுத்துங்கள். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொட வேண்டாம், அது வேறு வேலைக்கு.

இரட்டை ஹாரன் போடுவதென்றால், சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்சான ரிலே இல்லாமல் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்து இழுக்கும் மின்னோட்டத்தைப் பட்டனின் மெல்லிய வயர் தாங்காது. பழைய ஹாரனுக்கு வந்த இரண்டு வயர்களையும் ரிலேயின் 85, 86 முனைகளில் செருகுங்கள். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வைத்து, தடித்த வயரை 30-க்குக் கொண்டு வாருங்கள். 87-இலிருந்து இரண்டு ஹாரனுக்கும், அங்கிருந்து நல்ல எர்த்துக்கும். ஹாரனின் வாய் முன்னோக்கிச் சற்றுக் கீழே சாய்ந்திருக்கட்டும், மழைநீர் தேங்காது. பல சுரங்களில் பாடும் ஹாரனும் காற்றழுத்த ஹாரனும் பல நாடுகளில் தடை செய்யப்பட்டவை.

சைலன்சரை என்ன செய்வது

ஒன்றும் செய்ய வேண்டாம், ஒழுங்காக வைத்திருந்தால் போதும். உள்ளே தடுப்பறைகளும் சிலவற்றில் கண்ணாடி இழைப் பஞ்சும் சேர்ந்து சத்தத்தை அடக்குகின்றன. அவற்றைப் பிடுங்கினால் பவர் கூடும் என்பார்கள். எரிபொருள் அளவையும் சேர்த்துத் திருத்தாவிட்டால், தினசரி ஓட்டும் நடுத்தர வேகத்தில் இழுவை குறைவதே வழக்கம். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் போனால் புகைச் சோதனையிலும் நிற்காது.

வண்டி திடீரென்று சத்தம் போட ஆரம்பித்தாலோ, ஆக்சிலரேட்டரை விடும்போது படபடவென்று வெடித்தாலோ கசிவு இருக்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, தடித்த கையுறை போட்ட கையை சைலன்சர் குழாய் எஞ்சினில் சேரும் இடத்துக்கு அருகே கொண்டு போனால் காற்று குத்துவது தெரியும். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலும் அதே அர்த்தம்தான். பெரும்பாலும் இணைப்பில் கசிவை அடைக்கும் ஒரு புது கேஸ்கெட்டும் நட்டு இறுக்கமும்தான் தேவைப்படும்.

உங்கள் காது

மற்றவர்களுக்குக் கேட்கிறதோ இல்லையோ, உங்களுக்குக் கேட்கும். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே சுமார் 100 டெசிபல். 85 டெசிபலுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கு என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். நெடுஞ்சாலையில் ஓட்டுவதென்றால் காதுக்கு நுரை அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதித்தால். வெளிச்சத்தம் கேட்காமல் போய்விடுமே என்று பயப்படுகிறார்கள். இரைச்சல் அடங்குவதால் மற்றவர்களின் ஹாரனும் சைரனும் பலருக்குத் தெளிவாகவே கேட்கும்.

அடைப்பானை விரல்களுக்கு நடுவே மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்தபடி உள்ளே செருகி, நுரை விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சரியாகப் பொருந்தினால் உங்கள் குரலே உங்களுக்குத் தலைக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும். பிறகுதான் ஹெல்மெட். கிளம்புமுன் ஹாரனை ஒரு தட்டு தட்டி, அது உங்களுக்குக் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.